டீசென்ட் ஃபேமிலிக்கு மட்டும்

தேனாம்பேட்டையில் இருந்த ஒரு நாளிதழ் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த முதல் வேலை, வரி விளம்பரங்களைத் திருத்துவது. வாடகைக்கு வீடு, விற்பனைக்கு ஸ்கூட்டர், மணமகள் தேவை என்று ஏஜென்டுகள் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொண்டுவருவதைப் பிழையில்லாத தமிழாக்கி அச்சுக்கு அனுப்ப வேண்டும். வாடகை விளம்பரங்களில் பெரும்பாலானவை ஒரே வரியில்தான் முடியும்: டீசென்ட் ஃபேமிலிக்கு மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. தமிழ்ப் பத்திரிகையில் ஆங்கிலச் சொல் எதற்கு என்று அதை 'கண்ணியமான குடும்பத்தினருக்கு மட்டும்' என்று மாற்றினேன். மறுநாள் விளம்பரப் பிரிவு எழுத்தர் சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"இன்னா சார், கண்ணியம்னு போட்டுகீற? அப்படிப் போட்டா ஊரே கெளம்பி வரும். எவனாவது தன்ன கண்ணியம் இல்லாதவன்னு நெனைப்பானா? டீசென்ட்னு போடு. வரவேண்டியவன் மட்டும் வருவான்."

"டீசென்ட்னா என்ன அர்த்தம்?"

"அது ஓனருக்குத் தெரியும். வாடகைக்கு வர்றவனுக்கும் தெரியும். நடுவுல நமக்கு எதுக்கு சார்?"

அகராதியைப் புரட்டினேன். நல்லொழுக்கம், தகுதி, பண்பு என்று மூன்று நான்கு பொருள்கள் இருந்தன. எழுத்தர் சொல்லாமல் சொன்ன பொருள் இல்லை. இருந்தாலும் அவர் சொன்னபடியே சொல்லைத் திரும்பப் போட்டேன். அதன்பிறகு செய்திப் பிரிவுக்கு மாறினேன். முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்து ஓய்வும் பெற்றேன். ஆனால் அந்தச் சொல் எங்கே கேட்டாலும் காது அந்தப் பக்கம் திரும்பும். எழுத்தர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க ஒரு உதாரணம்கூட இதுவரை கிடைக்கவில்லை.

தி.நகர் துணிக்கடையில் விற்பனையாளர் ஒரு சட்டையை விரித்துக் காட்டி, "இது டீசென்ட் கலர் சார்" என்பார். அதில் கலரே இருக்காது. கழுவிய தண்ணீர்போல் ஒன்று இருக்கும். அடையாறில் ஒரு நண்பர் டீசென்ட்டான இடம் என்று சொல்லி ஓர் உணவகத்துக்கு அழைத்துப்போனார். எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு மங்கிய வெளிச்சம். இரண்டாவது முறை சாம்பார் கேட்கக் கூச்சப்பட வைக்கும் அமைதி. கல்யாணத் தரகர்கள் சொல்லும் 'பையன் ரொம்ப டீசென்ட்' என்பதை ஒருமுறை உறவினருக்காக விசாரிக்கப் போனேன். பையனைப் பற்றி அவன் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பாண்டி பஜார் சிக்னலில் கேட்டது இன்னும் தெளிவு. ஒரு கார்க்காரர், தன் வண்டியை உரசிய ஆட்டோ டிரைவரின் அம்மாவை இழுத்துத் திட்டி முடித்தார். பதிலுக்கு அதே வார்த்தை திரும்பி வந்தது. கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே சொன்னார்: "டீசென்ட்டா பேசுய்யா."

"அடிங்க! நீ ஏசில குந்திகினு பேசினா டீசென்ட்டு, நான் வெயில்ல நின்னுகினு பேசினா லோக்கலா?" என்றார் ஆட்டோக்காரர். பச்சை விழுந்துவிட்டதால் அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இவையெல்லாம் சிரித்துவிட்டு நகரக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்று போன வருடம் என் வீட்டு வாசலிலேயே நடந்தது.

நான் இருப்பது மந்தைவெளியில், பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடியில். என் எதிர்வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். சாவி என்னிடம் இருக்கும். குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனதும் அவர் போன் செய்தார். "டீசென்ட்டான ஃபேமிலியா பாருங்க சார். வேற கண்டிஷனே கிடையாது."

கண்டிஷன் இல்லாதவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு கண்டிஷன் இருக்கிறது.

வீடு காட்டுவது என் வேலை என்றாலும், ஆளைத் தேர்ந்தெடுப்பது எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் வேலை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவரை எதிரே உட்காரவைத்துத் தகுதி பார்க்காமல் அவருக்குப் பொழுது போகாது. வீடு பார்க்க வருபவர்கள் முதல் மாடியில் அவர் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது வழக்கம். சாதியைக் கேட்கமாட்டார். அது டீசென்ட் இல்லை. "பூர்வீகம் எந்தப் பக்கம்?" என்று தொடங்குவார். ஊர் மட்டும் போதாது என்றால், "குலதெய்வம் எங்க இருக்கு?" என்பார். வந்தவர் பக்தியோடு பதில் சொல்வார். அதற்குள் உள்ளே சமையலறைக்கு வேண்டிய தகவல் போய்விடும். தேறியவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வரும். தேறாதவர்களுக்குக் காகிதக் கோப்பையில். இதற்கென்றே ஒரு கட்டுக் காகிதக் கோப்பை அந்த வீட்டு அலமாரியில் உண்டு. காபி ஒன்றுதான், பாலிலோ டிகாக்‌ஷனிலோ குறை சொல்ல முடியாது. குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போகிறவர்களுக்கு, தாங்கள் தோற்றுவிட்டது தெரியாது.

அந்தப் பெண் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். மயிலாப்பூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். இரண்டாவது படிக்கும் ஒரு மகள். பள்ளிக்கூடம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. சாந்தோம் பக்கத்தில் அவர்கள் இருந்த வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். அதற்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"பதினோரு வூடு பாத்தாச்சு சார். இதான் தோதா கீது," என்று சொல்லிவிட்டு உடனே "இருக்கு" என்று திருத்திக்கொண்டாள்.

வீட்டை அவள் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் ஹாலில் நின்று காற்று வருகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அவள் எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள். கழிவறைத் தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனித்தாள். பின்பக்க ஜன்னலைத் திறந்து பள்ளிக்கூடச் சுவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"எனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்டு சார். வெறும் வயித்துல ரத்தம் குடுக்க வர்றவங்க அஞ்சே முக்காலுக்கே வந்து நிப்பாங்க. அவருக்கு எப்ப கூப்புடுவாங்கன்னே தெரியாது. இங்கன்னா பாப்பா தானா நடந்தே போயிடும்."

வாடகை அவளுக்குச் சம்மதம். முன்பணம் கையில் தயாராக இருந்தது. இனி காபிதான் பாக்கி.

செயலாளர் வழக்கம்போல் பூர்வீகத்தில் தொடங்கினார். "இதே ஊருதான் சார்" என்றாள். அது அவருக்குப் பயன்படாத பதில். "அப்பா அம்மா என்ன பண்றாங்க?"

"அப்பா இல்ல சார். அம்மா பட்டினப்பாக்கத்துல மீன் விக்குது."

"எந்த இடத்துல?"

அவள் இடத்தைச் சொன்னாள். செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பாங்களே, அவங்களா? அட! ஞாயித்துக்கிழமை அவங்ககிட்டதாம்மா நான் வஞ்சிரம் வாங்கறேன். பத்து வருஷமா! ரொம்ப டீசென்ட்டான அம்மா. ஐஸ்ல வச்ச மீன்னா, 'இத நீ எடுத்துக்காத நைனா'ன்னு அவங்களே சொல்லிடுவாங்க."

"ஆமா சார். மீன் விஷயத்துல மட்டும் அதுக்குப் பொய் சொல்ல வராது. மத்தபடி எங்களை நல்லா ஏமாத்தும்," என்று அவள் சிரித்தாள். செயலாளரும் சிரித்தார். நானும் சிரித்தேன். முடிந்தது, வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

காபி காகிதக் கோப்பையில் வந்தது.

அவள் லிஃப்டில் இறங்கிப் போகும்வரை காத்திருந்து செயலாளர் சொன்னார்: "நல்ல பொண்ணு சார். ஆனா சரிப்பட்டு வராது."

"ஏன்?"

"அந்தம்மா வந்து போவாங்கல்ல? கூடையோட வருவாங்க. லிஃப்ட்ல வாடை நிக்கும். பில்டிங் டீசென்ட்டா இருக்க வேணாமா?"

"ஞாயித்துக்கிழமை நீங்களும் லிஃப்ட்லதானே மீனைக் கொண்டு போறீங்க?"

"நான் வாங்கிட்டு வர்றேன் சார். அது வேற, இது வேற," என்றார். குரலில் கோபம் இல்லை. விளக்கம் தேவைப்படாத ஒன்றுக்கு விளக்கம் கேட்கும் ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அந்த மனிதரின் மேல் எனக்கு உண்டான அருவருப்பை இப்போதும் குறைக்க விரும்பவில்லை. ஆனால் வீட்டின் உரிமையாளர் அவர் இல்லை. போனை எடுக்கப்போவது வெளிநாட்டில் இருப்பவர். அவரிடம் பேசப்போவது நான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார். "யாராவது வந்தாங்களா சார்?"

எப்படிச் சொல்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் சொல்லப் பழகியவன். யார், என்ன, எங்கே, எப்போது. எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்ல வேண்டும், உரிச்சொல் கூடாது, நம் கருத்து கூடாது. "ஒருத்தர் வந்தாங்க. அவங்க அம்மா பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிறாங்க. பொண்ணு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கறாங்க. வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஒரு குழந்தை, நம்ம தெரு ஸ்கூல்ல படிக்குது. மாசக் கடைசிக்குள்ள வீடு வேணுமாம்."

ஒரு தகவல்கூடத் தப்பில்லை. ஒரு வார்த்தைகூட அதிகமில்லை. அவர் முதல் வாக்கியத்துக்கு "ம்" கொட்டினார். அதன்பிறகு கொட்டவில்லை.

"டீசென்ட்டா சார்?"

"நான் சொன்னது எல்லாம் சரியான தகவல்."

"செக்ரட்டரி என்ன சொல்றார்?"

"அவருக்கு இஷ்டமில்லை."

"அப்ப வேணாம் சார். மெதுவா வேற பார்ப்போம்."

மதியம் அந்தப் பெண் போன் செய்தாள். பின்னால் மருத்துவமனையின் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ டோக்கன் எண் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓனர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று இழுத்தேன்.

"நேராவே சொல்லிடுங்க சார். இது பன்னண்டாவது வூடு. எனக்குப் பழகிடுச்சி."

சொன்னேன்.

"அவருகிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

சொன்னதை, சொன்ன வரிசையிலேயே திரும்பச் சொன்னேன். எனக்கு அதில் மறைக்க ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

"எங்க அம்மாவ ஏன் சார் மொதல்ல சொன்னீங்க?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வூடு எனக்குத்தானே? அம்மா அங்க குப்பத்துலயேதான் இருக்கப்போவுது. வான்னாலும் வராது. நான் வேலைக்குப் போறேன், அவரு வேலைக்குப் போறாரு, அதத்தானே மொதல்ல சொல்லணும்? எங்க லேப்புல ரிப்போர்ட்டு குடுக்கறோம். பேரு போட்டு கீழ ரிசல்ட்டு போடுவோம். அவங்கம்மா இன்னா விக்கிதுன்னு போடமாட்டோம் சார்."

வைத்துவிட்டாள். அவள் கேட்டது சரியான கேள்வி என்பதால் அதற்கு இங்கே பதில் எழுதுகிறேன். செய்தியில் எது படிப்பவனை நிறுத்துமோ அதை முதல் வரியில் வைக்க வேண்டும். அதை லீடு என்போம். முப்பது ஆண்டுகள் அடுத்தவர்களின் செய்திகளில் லீடு தேடித் தேடி மேலே தூக்கிவைத்ததுதான் என் தொழில். அந்தக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்த ஐந்து விஷயங்களில் எனக்கு லீடாகத் தெரிந்தது மீன். செயலாளருக்கும் அதுதான் லீடு. அவர் 'டீசென்ட்' என்று சொல்லிச் செய்ததை நான் அந்தச் சொல்லைத் தொடாமலே செய்து முடித்திருந்தேன். விளம்பரப் பிரிவு எழுத்தர் சொன்ன நடுவில் இருக்கும் ஆள், அர்த்தம் தெரியாதவனாக நடிப்பவன், நான்தான்.

அன்று மாலையே வெளிநாட்டுக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் சொன்ன முறை தப்பு என்றேன். அவள் எந்த மருத்துவமனையில், எத்தனை வருடமாக வேலை பார்க்கிறாள், வீட்டை எப்படிப் பார்த்தாள் என்று எல்லாம் சொன்னேன். குழாயைத் திறந்து பார்த்தது, தரையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தது வரைக்கும் சொன்னேன். பத்திரிகையில் திருத்தம் போடுவோம். ஏழாம் பக்கத்தின் அடியில், கண்ணில் படாத எழுத்தில். என் குரல் எனக்கே அப்படித்தான் கேட்டது.

"அவங்க நல்லவங்கதான் சார். நான் இல்லேன்னு சொல்லவே இல்லையே. பில்டிங் டீசென்ட்டா இருக்கணும்னு பார்க்கறேன், அவ்வளவுதான்."

"டீசென்ட்னா என்ன?" என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்த வருடம் எழுத்தரிடம் கேட்ட பிறகு யாரிடமும் அதை நான் கேட்டதில்லை.

அவர் சிரித்தார். நட்பான சிரிப்பு. "உங்களுக்குத் தெரியாததா சார்?"

தெரியும். அதனால் போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் குடும்பத்தார் மாதக் கடைசியில் மேடவாக்கத்தைத் தாண்டி ஒரு வீட்டுக்குப் போனார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்து ஆயா. ஆறு மணி ஷிஃப்டுக்கு அந்தப் பெண் நாலு மணிக்கே எழுந்து கிளம்புகிறாளாம். குழந்தையைப் பள்ளியிலிருந்து மாற்ற மனம் வரவில்லை. அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை அது பட்டினப்பாக்கத்தில் பாட்டியிடம் இருக்கிறது. சனி, ஞாயிறு மட்டும் அம்மாவோடு.

எதிர்வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய குலதெய்வக் கோயிலும் செயலாளரின் குலதெய்வக் கோயிலும் ஒரே தாலுகாவில் இருக்கின்றன. டம்ளரில் காபி குடித்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. பார்த்தால் சிரிப்பார்கள், குப்பையைப் பிரித்துப் போடுவார்கள். சாவிப் பொறுப்பை நான் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை எனக்கு வயதாகிறது என்று எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்ட் வாசலில் செயலாளர் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். பையிலிருந்து ஒரு மீனின் வாலும் சாம்பல் நிற உடம்பில் பாதியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"முழுசா கொடுத்துட்டாங்க சார்," என்றார். "எப்பவும் சுத்தம் பண்ணி, துண்டு போட்டுத்தான் தருவாங்க. மூணு மாசமா இப்படித்தான். கத்தி மொக்கையாயிடுச்சாம். வீட்ல இத யாரு வெட்டறது? வீட்டுக்காரி கிட்டயே வரமாட்டேங்கறா. பாவம், அந்தம்மாவுக்குப் புதுசா ஒரு கத்தி வாங்கிக் கொடுக்கலாமான்னு பாக்கறேன்."

அவருடைய முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. மகளுக்கு வீடு இல்லை என்று சொன்னதற்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அந்த முகத்தில் எங்கும் இல்லை. அவர் கடனுக்கு ஆள் தேர்ந்தெடுத்த வங்கி எப்படி நடந்தது என்று அப்போது எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்டினப்பாக்கம் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் எங்கிருந்து தொடங்கினாலும் தப்பாகத்தான் தொடங்கியது. அந்த அம்மா பலகையின் பின்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் மூக்குத்தி. எனக்கு முன்னால் ஒரு பெண் சங்கரா மீன் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"மந்தைவெளியிலேர்ந்து வர்றேன்," என்றேன். "உங்க பொண்ணு வீடு பார்க்க வந்தாங்களே..."

"தெரியும் சார். சாவி வச்சிருந்தவரு." தலையை நிமிர்த்தவில்லை. "இன்னா வோணும்?"

சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் எதுக்கு சார் இப்ப? பாப்பா எங்கூட கீது. நல்லாத்தான் கீது. நைட்டுல மட்டும் அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும்னு கேட்டுகினே கெடக்கும். அதுவும் பழகிடும். மீனு வோணுமா, வோணாவா?"

ஒரு வஞ்சிரத்தைக் காட்டினேன். எடுத்து எடை போட்டு, விலையைச் சொன்னார். சந்தை விலைதான், ஒரு ரூபாய் கூடுதலாக இல்லை. செவுளைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருப்பதையும் காட்டினார். பிறகு மீனை அப்படியே பைக்குள் தலைகீழாக நுழைத்து என்னிடம் நீட்டினார்.

"வூட்டுல வெட்டிக்கோ சார். கத்தி மொக்கையாயிடுச்சி."

வாங்கிக்கொண்டேன். அவர், எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சங்கராவைப் பலகைக்கு இழுத்து, அதே கத்தியால் செதிள் சீவி, வயிற்றைக் கிழித்து, ஒரே வெட்டில் தலையைத் தனியாக எடுத்தார்.